‘அந்த ட்ராக் என்னாச்சு?’: பேட்டர்சன் குடும்பக் கதையைத் திட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் லின் ஜான்ஸ்டன் 1979 செப்டம்பரில் தொடங்கி 2008 ஆகஸ்ட் வரை வரைந்த ‘ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்’ என்ற செய்தித்தாள் காமிக்ஸ் தொடர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் அதன் வாசகர்கள் சண்டையை முடிப்பதாக இல்லை. பேட்டர்சன் குடும்பம்: அம்மா எல்லி, பல் டாக்டர் அப்பா ஜான், பிள்ளைகள் மைக்கேல், எலிசபெத், 1991இல் பிறந்த கடைக்குட்டி ஏப்ரல், டொராண்டோ பக்கத்தில் மில்பரோ என்றொரு கற்பனை ஊர். இவ்வளவுதான் கதை. மற்ற செய்தித்தாள் காமிக்ஸில் ஆறு வயதுப் பையன் எத்தனை வருடம் போனாலும் ஆறு வயதுப் பையன்தான். இங்கே எல்லாருக்கும் நம்மோடு சேர்ந்து வயதாகும். அதனால்தான் வாசகர்களுக்கு இவ்வளவு உரிமை, இவ்வளவு கோபம். ‘அந்த ட்ராக் (கிளைக்கதை) என்னாச்சு, பாதியில் விட்டுவிட்டாரே’ என்ற புலம்பலில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கட்சி. ஆனால் அதைச் சொல்கிற விதத்தில் நாமே கோட்டை விடுகிறோம்.

முதல் தவறு, பிடிக்காத முடிவையெல்லாம் ‘முடிக்கப்படாத கதை’ என்று சொல்வது. எலிசபெத் வட ஒன்டாரியோவில் முட்டிக்வாக்கி என்ற ஒஜிப்வே பழங்குடிக் கிராமத்துக்கு டீச்சராகப் போகிறாள் (இதுவும் கற்பனை ஊர்தான்). அங்கே பால் ரைட் என்ற போலீஸ்காரரோடு காதல். பிறகு அவள் தெற்கே திரும்பிவிட, அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு வருவதாகப் பேச்சு. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறாள், பார்த்தால் அவர் சூசன் என்ற வேறொரு டீச்சரோடு இருக்கிறார். அத்தோடு சரி. ‘பால் ட்ராக்கை அப்படியே விட்டுவிட்டார்கள்’ என்று யாராவது எழுதினால், எதிரே இருப்பவர் அந்த ஹெலிகாப்டர் வாரத்தை எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார், வாதம் அங்கேயே படுத்துவிடும். ட்ராக் முடிந்துதான் போனது. மாதக்கணக்கில் நல்லவராகக் காட்டப்பட்டவர் எப்போது, ஏன் மாறினார் என்பது எந்தப் படக் கட்டத்திலும் வரவில்லை, பள்ளிக்கூடக் காதலன் ஆன்டனிக்கு வழிவிடுவதற்காகவே அவரை ஓரங்கட்டியது போல இருக்கிறது என்பதுதான் உண்மையான குறை. முடியவில்லை என்பது ஒரு புகார். முடிவை நாம் பார்க்க விடவில்லை என்பது வேறொன்று. எனக்குப் பிடிக்கவில்லை என்பது மூன்றாவது, அதையும் தாராளமாகச் சொல்லலாம், அந்தப் பெயரிலேயே சொன்னால் போதும்.

இதே குழப்பம் ஹோவர்ட் விஷயத்திலும் உண்டு, அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கூட வேலை செய்யும் ஹோவர்ட் எலிசபெத்திடம் அத்துமீறப் பார்க்கிறான், ஆன்டனி வந்து காப்பாற்றுகிறான். அவள் இன்னும் அதிர்ச்சியிலிருந்து மீளவே இல்லை. அந்த நேரம் பார்த்து ஆன்டனி தன் கல்யாணம் சரியில்லை, தனக்கு வீடு என்று ஒன்றே இல்லை, எனக்காகக் காத்திரு என்று ஆரம்பிக்கிறான். அப்போது அவன் கல்யாணமானவன், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. ‘ஹோவர்ட் கதையை மறந்துவிட்டார்கள்’ என்கிறவர்கள் சில வருடம் கழித்து அது கோர்ட்டுக்கு வந்ததையும் எலிசபெத் சாட்சி சொன்னதையும் மறந்துவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சம்பவம் அவளை என்ன செய்தது? ராத்திரி தூக்கம் போனதா, தனியாக வேலைக்குப் போகப் பயந்தாளா? அதற்குக் கிடைத்த கட்டங்களைவிட ஆன்டனியின் சோகத்துக்குக் கிடைத்தவை அதிகம். ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை ஒரு ஆணின் காதல் வசனத்துக்குப் படிக்கட்டாக வைத்தது, என்னைக் கேட்டால், இந்தத் தொடரின் பெரிய சறுக்கல். ‘பாதியில் விட்டார்’ என்று சொன்னால் அது இருக்கிற இடமே தெரியாமல் போய்விடுகிறது.

ஆன்டனியின் முதல் மனைவி தெரேஸ் மட்டும் நிஜமாகவே அந்தரத்தில் நிற்கிறாள். குழந்தையில் அவளுக்கு ஆர்வமில்லை, பெற்ற பிறகு வேலைக்குத் திரும்பினாள், இதெல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் வாய் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. அவள் பக்கத்து நியாயத்தை அவளே பேச ஒரு வாரம் கிடைத்திருந்தால்கூடப் போதும். பழைய தொகுப்புகளை எடுத்து அவளுக்கு எத்தனை கட்டம், அதில் எத்தனையில் அவள் வாய் திறக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள், அந்தக் கணக்கு கோபத்தைவிட நன்றாகப் பேசும்.

அடுத்த தவறு, நாம் படித்ததுதான் முழுத் தொடர் என்று நினைப்பது. 1993இல் மைக்கேலின் நண்பன் லாரன்ஸ் தான் தன்பாலின ஈர்ப்புள்ளவன் என்று வெளிப்படையாகச் சொன்ன வாரங்களைப் பல பத்திரிகைகள் போடவில்லை. சில, பழைய ஸ்ட்ரிப்பை (ஒரு நாளுக்கான படக் கட்டங்களை) எடுத்து அந்த இடத்தை நிரப்பின, சில தொடரையே நிறுத்திவிட்டன. அந்த ஊர் வாசகருக்கு லாரன்ஸ் கதை திடீரென்று வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தால் அதற்கு ஜான்ஸ்டன் என்ன செய்வார்? அதற்கு அடுத்த வருடம் அவர் புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தது இந்தக் கதைக்காகத்தான்.

2008 செப்டம்பரில் கதை மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தபோது இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. வெறும் மறுபதிப்பாக இருந்தால் பரவாயில்லை, பழைய ஸ்ட்ரிப்புகளுக்கு நடுவே அந்தக் காலத்துக் கதையாகப் புதிதாக வரைந்தவற்றையும் சொருகினார். ஆக, சின்ன மைக்கேல் அழுகிற ஒரு ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு ‘பார், அப்போதே இப்படி எழுதியிருக்கிறார், பிறகு மறந்துவிட்டார்’ என்று சொல்வதற்கு முன் அது 1980இல் வரைந்ததா, கதை முடிந்த பிறகு வரைந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 2009இல் எழுதியதை 2004இல் மறந்துவிட்டார் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கதாபாத்திரங்கள் எழுதுவது போல இணையத்தில் மாதாமாதம் வந்த கடிதங்களுக்கும் இது பொருந்தும். ஸ்ட்ரிப்பில் இல்லாத எத்தனையோ தகவல் அவற்றில் இருந்தது. அதைப் படித்தவரும் படிக்காதவரும் ஒரே கதையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்து மோதுவார்கள்.

நாளுக்கு மூன்று நான்கு கட்டம், அதுவும் அச்சுக்குச் சில வாரம் முன்பே வரைந்து அனுப்பியாக வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள், தாத்தா, நாய் என்று சுற்றி வந்தால் ஒருவர் மூன்று மாதம் காணாமல் போவது சகஜம். அதற்குள் ‘கழற்றிவிட்டார்கள்’ என்று ஒப்பாரி வைக்க வேண்டாம்.

ஜான்ஸ்டனின் சொந்த வாழ்க்கையை வைத்துக் கதைக்குப் பொழிப்புரை எழுதுவதும் வேண்டாம். அவர் கணவரும் பல் டாக்டர்தான், 2007இல் அவர்கள் பிரிந்த செய்தியும் வெளியே வந்தது, சரி. ஆனால் ஸ்ட்ரிப்பில் என்ன குறை என்று கேட்டால் ஸ்ட்ரிப்பைக் காட்ட வேண்டும். ஒருவர் விவாகரத்தைக் காட்டுவது விமர்சனம் இல்லை, வம்பு.

இன்னொன்று, தொடரை அளக்க வெளியிலிருந்து அளவுகோல் தேடத் தேவையில்லை. எல்லியின் அப்பா ஜிம் பக்கவாதம் வந்து பேச்சை இழந்த பிறகு வந்த ஸ்ட்ரிப்புகளைப் பாருங்கள். மனசுக்குள் முழு வாக்கியமாக நினைப்பார், வாயில் வேறு ஏதோ ஒற்றைச் சொல் வந்து விழும், மனைவி ஐரிஸ் அதை வைத்து ஊகித்துக்கொள்வார். எந்த அவசரமும் இல்லாமல், தேறிவிட்டார் என்ற பொய்யும் இல்லாமல் அதை நடத்திக் காட்டத் தெரிந்தவர்தான் ஜான்ஸ்டன். அப்படிப்பட்டவர் கடைசியில் எலிசபெத் கல்யாணத்தோடு சேர்த்து மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்பதையெல்லாம் ஒரே ஸ்ட்ரிப்பில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஏப்ரலுக்கு அதில் கால்நடை மருத்துவமும் கால்கரியில் வேலையும் கிடைத்தன. 1995இல் வெள்ளத்தில் விழுந்த நாலு வயதுக் குழந்தையைக் காப்பாற்றிவிட்டு ஃபார்லி என்ற கிழட்டு நாய் செத்துப்போனதே, அந்தக் குழந்தை இவள்தான். பிறந்ததிலிருந்து வாசகர் கண் முன்னாலேயே வளர்ந்தவள், பேண்டில் கிட்டார் வாசித்தவள், வீட்டில் யாரும் தன்னைக் கவனிப்பதில்லை என்று வருடக்கணக்கில் முணுமுணுத்தவள். மிருகங்களுக்கு டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குள் எப்படி முற்றியது, அதற்கும் ஃபார்லிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டுச் சண்டை போடுங்கள். பால் ரைட்டுக்காகப் போடுவதைவிட இதில் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.