முத்திரையைப் பார்த்துத் தேதி போடாதீர்கள்: செஷயரின் பழைய தெருப் படங்களில் நடக்கும் தவறுகள்

இங்கிலாந்தின் செஷயர் கவுண்டியைச் சேர்ந்த பழைய தெருப் படங்களை ஸ்கேன் செய்து, இடமும் தேதியும் எழுதி வைக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். போன மாதம், புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு பெட்டி அஞ்சலட்டைகளை முடித்துக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள். கைரேகை படுவது, கோப்புக்குப் பெயர் வைக்க மறப்பது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

முத்திரையில் இருக்கும் ஆண்டைப் படத்துக்கு எழுதுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று.

செஸ்டர் நகரின் ஈஸ்ட்கேட் தெருவைக் காட்டும் ஓர் அஞ்சலட்டை. பின்பக்கம் ஏழாம் எட்வர்ட் தலை போட்ட பச்சை நிற அரைப் பென்னி ஸ்டாம்ப், முத்திரையில் 1906. நானும் ‘ஈஸ்ட்கேட் தெரு, 1906’ என்று எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பு முதலில் ஒரு கண்காட்சிப் பலகைக்குப் போனது. பிறகு ஒரு சிறு நூலில் அச்சானது. அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதியே ஒரு வருடம் ஓடிவிட்டது. விற்றுப்போன பிரதிகளை என்ன செய்வது? அந்த 1906 இன்னும் எங்காவது கண்ணில் படுகிறது. படும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

படத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தாலே போதும். நகரின் நடுவிலுள்ள ‘கிராஸ்’ சந்திப்பில் நின்று, கிழக்கே பார்த்து எடுத்தது. தெருக்கோடியில் ஈஸ்ட்கேட் வளைவு. அதன் மேல் கடிகாரம் இல்லை! விக்டோரியா அரசியின் வைர விழா நினைவாக ஜான் டக்ளஸ் வடிவமைத்த அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கியது 1899 மே 27, அரசியின் 80வது பிறந்தநாளை (மே 24) ஒட்டி. தெரு நடுவே குதிரை டிராம் வருகிறது. செஸ்டரில் அது 1879 முதல் 1902 வரைதான். 1903இல் மின்சார டிராம் வந்துவிட்டது. வலது மூலையில், பிரிட்ஜ் தெரு திரும்பும் இடத்தில், லாக்வுட் 1888இல் கட்டிய கறுப்பு வெள்ளைக் கட்டடம் முழுதாக நிற்கிறது. ஆக, படம் எடுத்தது 1888க்கும் 1899க்கும் இடையில்.

அப்படியானால் 1906 எங்கிருந்து வந்தது? அட்டையின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு: இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி. பிரிட்டனின் தபால் துறை இதை அனுமதித்தது 1902இல்தான். அதற்கு முன் முகவரிப் பக்கத்தில் சேதி எழுதக் கூடாது. கையிருப்பில் இருந்த பழைய கண்ணாடி நெகட்டிவை வைத்து, 1902க்குப் பிறகு யாரோ அட்டை அச்சிட்டிருக்கிறார்கள். வாங்கியவர் 1906இல் தபாலில் சேர்த்தார். எடுத்த தேதி, அச்சிட்ட தேதி, அனுப்பிய தேதி என்று ஓர் அட்டைக்கு மூன்று தேதி உண்டு. மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு பொருள் படத்தில் தெரிந்தால் அது முழுச் சாட்சி. தெரியாவிட்டால் அரைச் சாட்சிதான். டிராம் கம்பி தெரியவில்லை, எனவே 1903க்கு முந்தையது என்று முடிவுகட்டக் கூடாது. வானத்தில் குறுக்கே ஓடும் கம்பிகளை அட்டை போட்டவர்கள் தூரிகையால் மறைப்பது சாதாரணம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கம்பி போன தடத்தில் மட்டும் வானம் மழமழவென்று இருக்கும், அதைக் கட்டியிருந்த இரும்புக் கொக்கி பக்கத்துச் சுவரில் அப்படியே நிற்கும். கடிகாரத்தை அப்படி யாரும் மறைக்க மாட்டார்கள். அட்டை விற்றதே அதை வைத்துத்தான்.

கறுப்பு வெள்ளை மரச்சட்டம் என்றாலே டியூடர் காலம் என்பது

செயின்ட் வெர்பர்க் தெருவின் கிழக்கு வரிசையைப் பார்த்து ‘16ஆம் நூற்றாண்டு’ என்று எழுதாத புதியவரை நான் பார்த்ததில்லை. அது 1890களில் அதே ஜான் டக்ளஸ் கட்டியது. வாட்டர்கேட் தெருவில் ‘காட்ஸ் பிராவிடன்ஸ் ஹவுஸ்’ 1652ஆம் ஆண்டு வீடு என்பார்கள். ஆனால் 1862இல் ஜேம்ஸ் ஹாரிசன் அதைப் பெருமளவு புதிதாகவே எழுப்பினார். பழைய மரத்தில் கொஞ்சம்தான் உள்ளே போனது. எனவே படத்தில் இருப்பது எந்த வீடு என்று முதலில் பாருங்கள்.

சாய்ந்த கட்டடத்தை நிமிர்த்துவது

நார்த்விச் படங்களில் இதைச் செய்கிறார்கள். ஊருக்கு அடியில் உப்பு. சுரங்கம் தோண்டியும் உப்புநீரை இறைத்தும் நிலம் உள்வாங்கியது. கடைகளும் வீடுகளும் உண்மையாகவே சாய்ந்தன. பிறகு கட்டியவற்றை மரச்சட்டத்தில் கட்டினார்கள், தாழ்ந்தால் ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்று. அந்தப் பெட்டியில் ஒரு கடை நேராக நின்றது. வாசலில் நின்ற ஆட்களும் தெருவிளக்கும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார்கள். மென்பொருளில் ‘சரிசெய்த’ வேலை. அந்தச் சாய்வைக் காட்டத்தான் அந்தப் படத்தையே எடுத்தார்கள்!

இடவலம் மாறிய படம்

கடைப் பலகையைப் படியுங்கள்.

எந்தக் கவுண்டி?

1974 வரை ஸ்டாக்போர்ட்டும் பர்க்கன்ஹெட்டும் செஷயர், வாரிங்டன் லங்காஷயர். பழைய குறிப்புகளை அந்தந்தப் பெயரில் தேடுங்கள்.

கண்ணாடி நெகட்டிவைத் துடைப்பது

மங்கலான பக்கம்தான் படம். தொடாதீர்கள்.

ஓரத்தை வெட்டிவிட்டு ஸ்கேன் செய்வது

அட்டை நிறுவனங்கள் மூலையில் ஒரு சின்ன எண் போடுவார்கள். பிரான்சிஸ் ஃபிரித் 1860இல் ரீகேட்டில் தொடங்கிய நிறுவனத்தின் படங்களுக்கு அந்த எண்ணை வைத்தே ஆண்டைப் பிடிக்கலாம். முன்பக்கம் நான்கு ஓரமும், பின்பக்கமும் முழுதாக வேண்டும். அந்த ஈஸ்ட்கேட் அட்டையை நான்கு வருடம் கழித்து முழுதாக ஸ்கேன் செய்தபோதுதான், இடது கீழ் மூலையில் வெள்ளையாக ஐந்து இலக்கம் இருந்ததைப் பார்த்தேன்.