பிளஸ் ஒன் பாக்கி: பொதுத்தேர்வும் நீட்டும் ஒன்றாக வரும் வருடத்தில் செய்யக் கூடாதவை

காலையில் பள்ளி, மாலையில் கோச்சிங், ராத்திரி ரெக்கார்டு நோட்டு. பயாலஜி எடுத்த பிள்ளைகளின் பிளஸ் டூ வருடம் இப்படித்தான் ஓடுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியல் 11 அலகு, வேதியியல் 15 அலகு, உயிரியலுக்குத் தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் புத்தகம். மொழிப்பாடங்கள் வேறு. போனை அணைத்து வை, நேரத்துக்குத் தூங்கு என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே ஒவ்வொரு பேட்சிலும் தவறாமல் செய்யும் காரியங்கள் சில உண்டு. அவை மட்டும் இங்கே.

"பிளஸ் ஒன்னை லீவில் பிடித்துக்கொள்ளலாம்"

இந்த ஒரு வாக்கியத்தால் போன மார்க்குக்குக் கணக்கே இல்லை. நீட் வினாத்தாளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். அது தெரிந்தும், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன்னை ஒப்புக்கு நடத்திவிட்டு அந்த வருடமே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவுவது வழக்கமாக இருந்தது. அதை நிறுத்தத்தான் 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளின் பாரம் குறைந்தது நல்லதே. ஆனால் நீட் எழுதப் போகிறவருக்குப் பிளஸ் ஒன்னை விட்டுவிட இன்னொரு சாக்கும் கிடைத்துவிட்டது.

இந்தப் பாக்கி உடனே கண்ணில் படாது. பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாளில் 70 மதிப்பெண். ஒரு மார்க் 15, இரண்டு மார்க் 6, மூன்று மார்க் 6, ஐந்து மார்க் 5. ஐந்து மார்க்கில் பெரும்பாலும் வருவித்தல்கள் (சூத்திரத்தைப் படிப்படியாக நிறுவும் டெரிவேஷன்கள்). அவற்றை மனப்பாடம் செய்து, பாடத்தின் கடைசியில் வரும் புக் பேக் ஒரு மார்க்கையும் உருப்போட்டவர் காலாண்டுத் தேர்வில் 60 வாங்கிவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஜனவரியில் நீட்டுக்கான முதல் முழு மாதிரித் தேர்வு எழுதும்போதுதான் இயற்பியலில் 180-க்கு 40 வந்து நிற்கும்.

அந்த மாணவரின் நோட்டைத் திறந்தால் காரணம் தெரியும். காந்தப்புலத்தில் செங்குத்தாக நுழையும் மின்துகள் வட்டத்தில் சுற்றும். ஆரம் "எம்வி பை கியூபி", அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி, மின்னூட்டத்தாலும் காந்தப்புலத்தாலும் வகுப்பது. இது எல்லோருக்கும் மனப்பாடம். புரோட்டான், நொடிக்கு பத்து லட்சம் மீட்டர் வேகம், 0.5 டெஸ்லா என்று கொடுத்தால் 2.1 சென்டிமீட்டர் என்று சரியாகப் போட்டுவிடுவார். அடுத்த கணக்கு: புரோட்டானும் ஆல்ஃபா துகளும் ஒரே இயக்க ஆற்றலோடு அதே புலத்தில் நுழைகின்றன, ஆரங்களின் விகிதம் என்ன? பேனா நின்றுவிடும். சூத்திரத்தில் திசைவேகம் இருக்கிறது, கேள்வியில் ஆற்றல் இருக்கிறது. உந்தம் (எம்வி) என்பது "இரண்டு எம் கே"யின் வர்க்கமூலம், கே என்பது இயக்க ஆற்றல் என்று தெரிந்தால் போதும். நிறை நான்கு மடங்கு, அதன் வர்க்கமூலம் இரண்டு. மின்னூட்டமும் இரண்டு மடங்கு. விகிதம் ஒன்றுக்கு ஒன்று. முழுக்க 30 விநாடி வேலை. இடறிய இடம் பிளஸ் ஒன் நான்காம் அலகு, வேலை, ஆற்றல், திறன். அது தெரியாமல் காந்தவியலை மூன்றாவது முறையாகத் திருப்புதல் செய்வார்கள். அதைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வரும்.

இப்படி ஒவ்வொரு பிளஸ் டூ பாடத்துக்கும் அடியில் ஒரு பிளஸ் ஒன் பாடம் கிடக்கிறது. நிலைமின்னியலுக்கு வெக்டரும் ஈர்ப்பியலும். சீரான மின்புலத்தில் எலக்ட்ரான் வளைந்து போவது எறிபொருள் கணக்கேதான். எல்சி அலைவுகளுக்குச் சீரிசை இயக்கம். அலை ஒளியியலுக்கு அலைகள். மின்வேதியியலுக்கு ஆக்சிஜனேற்ற எண்ணும் சமன்பாடு சமன் செய்வதும். கார்பனைல் சேர்மங்களுக்குத் தூண்டல் விளைவும் கார்போகேட்டயானின் நிலைப்புத்தன்மையும்.

பாக்கி இருக்கிறதென்றால் அடைக்கும் வழி இது. பிளஸ் ஒன்னில் இயற்பியல் 11, வேதியியல் 15, மொத்தம் 26 அலகுகள். ஜூன் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை 30 வாரம். வாரத்துக்கு ஓர் அலகு, சனிக்கிழமை மூன்று மணி நேரம்: முதல் ஒரு மணி நேரம் பாடம், அடுத்த ஒன்றரை மணி நேரம் பழைய நீட் கேள்விகள் 40, கடைசி அரை மணி நேரம் தப்பானவற்றை மறுபடி போடுவது. அலகு வரிசையில் போக வேண்டியதில்லை. பள்ளியில் அடுத்த வாரம் எந்தப் பாடம் தொடங்குகிறதோ அதற்கு அடியில் உள்ளதை இந்த வாரம் எடுங்கள். பிளஸ் ஒன் உயிரியலை இதில் சேர்க்காதீர்கள். நீட்டுக்குப் படிக்கும் என்சிஇஆர்டி (மத்தியப் பாடத்திட்ட) புத்தகத்தில் 19 பாடம். தினமும் நான்கைந்து பக்கம், சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் போதும்.

இரண்டு பாடத்திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் படிப்பது

ஒரே பாடம் மாநிலப் புத்தகத்தில் ஒரு வகுப்பிலும் என்சிஇஆர்டியில் இன்னொரு வகுப்பிலும் இருக்கும். கரைசல்கள், ஹாலோஆல்கேன்கள் இரண்டும் நம் புத்தகத்தில் பிளஸ் ஒன், என்சிஇஆர்டியில் பன்னிரண்டாம் வகுப்பு. அயனிச் சமநிலை நம்மிடம் பிளஸ் டூ, அங்கே பதினோராம் வகுப்பு. கோச்சிங்கில் "பிளஸ் டூ போர்ஷன் டெஸ்ட்" என்று அறிவித்தால் எந்தப் புத்தகத்தின் பிளஸ் டூ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் போய் ஹாலோஆல்கேனில் மாட்டிக்கொள்பவர்கள் வருடா வருடம் உண்டு.

2024-ல் நீட் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், அன்றாட வாழ்வில் வேதியியல் எல்லாம் நீட்டில் போய்விட்டன. நம் பிளஸ் டூ புத்தகத்தில் இருக்கின்றன. உயிரியலில் செரித்தல், தாவரங்களில் கடத்துமுறைகள், கனிம ஊட்டம் முதலியவை நீட்டில் இல்லை. பழைய கைடும் அண்ணன் விட்டுப்போன மெட்டீரியலும் வைத்துப் படிப்பவர்கள் இவற்றுக்கும் எம்சிக்யூ (நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொருளடக்கப் பக்கத்தை எடுத்து மூன்று நிறத்தில் குறியுங்கள்: இரண்டுக்கும் வேண்டியது, பொதுத்தேர்வுக்கு மட்டும், நீட்டுக்கு மட்டும். பொதுத்தேர்வுக்கு மட்டும் உள்ளதைப் பள்ளித் தேர்வுக்கு முந்தின வாரம் படித்தால் போதும். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்தவர்கள் குறைவு.

"பொதுத்தேர்வு முடியட்டும், அப்புறம் நீட்"

தேர்வு முடிவது மார்ச் கடைசி. நீட் மே முதல் ஞாயிறு (2024-ல் மே 5, 2025-ல் மே 4). நடுவில் ஐந்தாறு வாரம். திருப்புதலுக்குப் போதும், புதிதாகப் படிக்கப் போதாது.

மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மாதிரித் தேர்வை மூடி வைப்பது

மூன்று மணி நேரம் எழுதினால் இரண்டு மணி நேரமாவது அலச வேண்டும். தப்பானவற்றுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள். பாடமே தெரியாதது "பா", கணக்கில் தவறியது "க", கேள்வியைத் தப்பாகப் படித்தது "கே". "தவறான கூற்று எது" என்பதைச் "சரியான கூற்று" என்று படித்துவிட்டு உயிரியலில் மட்டும் 20 மார்க் விடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு முறை பாடம் படிப்பதால் பயனில்லை. "தவறான", "அல்லாத" என்ற சொற்களைப் பேனாவால் சுழிக்கும் பழக்கம் வந்தால் அந்த 20 திரும்பி வரும்.

நெகட்டிவ் மார்க் பயத்தில் எல்லாவற்றையும் விடுவது

சரிக்கு 4, தப்புக்கு 1 குறையும். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிகிற கேள்விகள் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக ஐந்து சரி, ஐந்து தப்பு: 20-ல் 5 போக 15 மார்க் மிச்சம். ஒன்றையும் நீக்க முடியாத கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குத்துவதால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. அதில் நேரத்தைப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஓஎம்ஆர் விடைத்தாளைக் கடைசியில் நிரப்புவது

வேண்டாம். ஒவ்வொரு இரண்டு பக்கத்துக்கும் ஒரு தடவை நிரப்புங்கள். கேள்வியை விட்டுவிட்டால் அதன் எண்ணை உடனே வட்டமிடுங்கள். 2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம்தான். முன்பிருந்த கூடுதல் 20 நிமிடம் போய்விட்டது. உயிரியல் 90 கேள்வியை 50 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் இயற்பியலுக்கு நேரம் இருக்காது.

தமிழ் வழியில் எழுதுபவர்கள் ஆங்கிலச் சொல்லே தெரியாமல் போவது

தமிழ் வினாத்தாளில் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். தமிழ் வாக்கியம் இடறினால் ஆங்கில வாக்கியத்தில் அந்தச் சொல்லைத் தேடத் தெரிய வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு

அந்தந்த வாரமே எழுதிவிடுங்கள். செய்முறைக்கு 20 மார்க். ஜனவரி கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் திருப்புதல் செய்ய வேண்டிய நான்கு நாள் அதிலேயே போய்விடும்.

மாதிரித் தேர்வை ராத்திரியில் எழுதுவது

நீட் மதியம் 2 முதல் 5 வரை. மதியம் சாப்பிட்டுத் தூங்கி, ராத்திரி 10 மணிக்குச் சுறுசுறுப்பாக எழுதிப் பழகியவருக்கு அன்று மதியம் 3 மணிக்குக் கண் சொருகும். ஏப்ரல் முழுவதும் 12 மணிக்குச் சாப்பாடு, 1.30-க்கு நாற்காலியில் உட்காருவது, 2 மணிக்கு வினாத்தாளைத் திறப்பது. தேர்வு மையத்தின் கேட்டையும் 1.30-க்குத்தான் மூடுகிறார்கள்.