திரையில் திடீர் வைரஸ் எச்சரிக்கையா? பதற்றத்தில் செய்யக்கூடாதவை

இணையத்தில் எதையோ தேடிக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் சிவந்து, சைரன் ஒலியோடு, "உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று அறிவிப்பு வந்தால், அது பெரும்பாலும் வெறும் வலைப்பக்கம்தான். பிரவுசரில் திறக்கும் ஒரு பக்கத்தால் கணினியின் கோப்புகளைத் தானாகச் சோதித்து வைரஸைக் கண்டுபிடிக்க இயலாது. அங்கே ஓடுவதாகக் காட்டப்படும் ஸ்கேன் ஓர் அசைபடம். இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைக் காட்டி மிரட்டுவதும் பெரிய வித்தையன்று, நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களுக்கும் அது தெரியும்.

இதில் பெருந்தவறு, அந்த எண்ணை அழைப்பதே. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்திருக்கிறது. அழைத்தால், மறுமுனையில் பேசுபவர் மிகுந்த மரியாதையோடு, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற மென்பொருளை நிறுவச் சொல்வார். பிறகு கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, நன்றாக இயங்கும் கணினியிலும் வழக்கமாகக் காணப்படும் சிவப்புக் குறிகளைக் காட்டி, எல்லாம் வைரஸின் வேலை என்பார். இந்த நாடகத்தில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள், ஏனெனில் காட்டப்படும் பிழைகள் உண்மையானவை, விளக்கம்தான் பொய்.

அறிவிப்பில் உள்ள "ரத்துசெய்" பொத்தானையோ பெருக்கல் குறியையோ சொடுக்குவதும் தவறு. அவையும் அந்தப் பக்கத்தைச் செய்தவர் வரைந்தவையே. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பின் அந்த டேபை மூடலாம். மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, இயங்கும் மென்பொருள்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வழியாகப் பிரவுசரையே நிறுத்திவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

திரையின் மூலையில் இத்தகைய எச்சரிக்கைகள் நாள்தோறும் முளைத்தால், எப்போதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் அமைப்புகளில் அந்த அனுமதியை நீக்குவதை விட்டுவிட்டுப் புதிய ஆன்டிவைரஸுக்குப் பணம் செலவழிப்பது வீண்.

கணினியை ஏற்கெனவே இந்த மோசடிக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டவர்கள், வெட்கத்தால் மறைத்து நேரத்தை இழக்கிறார்கள். உடனே இணைய இணைப்பைத் துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால், இந்தியாவில் இணைய மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930-இல் எவ்வளவு விரைவாகப் புகார் செய்கிறோமோ, அந்தத் தொகையை முடக்கி மீட்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.