பேடலில் ஓடிக்கொண்டே பந்தை அடிப்பது எப்படி?

பேடல் என்பது கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த களத்தில், டென்னிஸ் போல் வலைக்கு இருபுறமும் இருவர் இருவராக நின்று மட்டையால் ஆடும் ஆட்டம். அதன் களத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். வலைக்கு இப்புறமுள்ள பாதியை இருவர் பங்கிட்டுக்கொள்வதால், ஒருவர் ஒரு பந்துக்காக ஓடும் தூரம் பெரும்பாலும் நான்கைந்து எட்டுகள்தான். ஆயினும் புதியவர்களின் பந்து வலையில் சிக்குகிறது, அல்லது எதிர்ப்புறத் தரையில் படாமல் நேராகக் கண்ணாடியில் மோதிப் புள்ளியை இழக்கிறது. காலும் கையும் ஒரே நேரத்தில் வேகமெடுப்பதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. கால் ஓடும்போது கை அடங்கியிருக்க வேண்டும்.

முதலில் நிற்கப் பழகுங்கள். எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் நொடியில், நீங்கள் களத்தில் எங்கிருந்தாலும் ஒரு விரற்கடை உயரத்துக்கு மெல்லத் துள்ளி, கால்களைத் தோளகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக அகற்றி, முன்பாதங்களில் இறங்குங்கள். இதற்கு ஸ்பிளிட் ஸ்டெப் என்று பெயர். இறங்கும்போதே பந்து வரும் பக்கம் தெரிந்துவிடுவதால், அதற்கு எதிர்ப்பக்கத்துக் காலால் உந்தி உடனே புறப்படலாம். வலையை எட்டியே தீருவது என்று நிற்காமல் ஓடுபவரின் காலடியில்தான் பந்து வந்து விழும். அதை எடுப்பது மிகக் கடினம்.

அடுத்து, புறப்படும்போதே தோளைத் திருப்பி, மட்டையை மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பந்தை நெருங்க நெருங்க எட்டுகளைச் சிறிதாக்குங்கள்.

முன்னோக்கி ஓடி வாலி, அதாவது தரையில் படும் முன்பே பந்தை, அடிக்கையில் மட்டையை வீச வேண்டாம். உடலின் வேகமே பந்துக்குப் போதும். பக்கவாட்டில் எட்டிப் பிடிக்கும் பந்தை உயரத் தூக்கி எதிராளிகளின் தலைக்குமேல் அனுப்பினால், திரும்பி வர நேரம் கிடைக்கும்.

பின்னோக்கி நகர்வதுதான் கடினம். வலையைப் பார்த்தபடியே பின்வாங்கினால் கால் இடறி விழ நேரும். வலக்கையர் வலக்காலைப் பின்னுக்கு வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, இடக்கையால் பந்தைச் சுட்டியபடி பின்செல்ல வேண்டும். பின்னர் தலைக்குச் சற்று முன்னால், பந்தின் பின்புறத்தை மேலிருந்து சீவுவதுபோல் அடிக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் தட்டு என்று பொருள்படும் பந்தேஹா இதுதான். அடித்தவுடன் மீண்டும் வலைக்குத் திரும்பிவிடுங்கள். பந்து தலையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டால் துரத்தி அடிக்காமல், கண்ணாடியில் பட்டு வரவிட்டு எடுங்கள்.

பயிற்சிக்குத் துணையாட்டக்காரர் வலையருகே நின்று கையாலேயே பந்தை ஒருமுறை முன்னாலும் ஒருமுறை தலைக்குமேலும் எறியட்டும். பத்துப் பந்துகள் முடியும்வரை, ஒவ்வொரு எறிதலுக்கும் முன் துள்ளி இறங்கினீர்களா என்பதை மட்டும் அவர் உரக்க எண்ணட்டும்.