சுவாதியின் வேகத்தை வீட்டிலிருந்தே கணக்கிடலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலை விளக்குகள் அடிவானத்தை வெளுக்க வைத்தாலும், ஜூன் மாத இரவு பத்து மணிக்குச் சுவாதி உச்சிக்குச் சற்று வடக்கே ஆரஞ்சு நிறத்தில் தெரியும். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை நீட்டிப் பாருங்கள், வேறெதையும் அதுவென்று நினைக்க முடியாது. 37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும், வயதாகி ஊதிய ராட்சத விண்மீன் அது. அது நகர்கிறது என்பதை எட்மண்ட் ஹாலி 1718இலேயே சொல்லிவிட்டார்.

முதல் படி: பிரான்ஸின் ஸ்திராஸ்பூர்க் நகரிலிருந்து இயங்கும் சிம்பாட் என்ற விண்மீன் தரவுத்தளத்தில், சுவாதியின் மேலைப் பெயரான ஆர்க்டுரஸ் என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். இடமாறு (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்; தொலைவை இது தருகிறது) 88.83, சுய இயக்கம் (வானில் விண்மீன் நகரும் அளவு; முதலில் கிழக்கு–மேற்கு, பிறகு வடக்கு–தெற்கு) −1093.39, −2000.06, ஆர வேகம் (நம் பார்வைக் கோட்டில் உள்ள வேகம்) −5.19 என்று வரும். முதல் மூன்றும் மில்லி விகலைக் கணக்கு (பாகையில் 3600இல் ஒரு பங்கு விகலை); சுய இயக்கம் ஓர் ஆண்டுக்கு உரியது. கடைசியானது நொடிக்குக் கிலோமீட்டர்; கழித்தல் குறி இருந்தால் நம்மை நோக்கி வருகிறது.

இரண்டாம் படி: சுய இயக்க எண்கள் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். 2279 வரும். அதை 88.83ஆல் வகுத்து 4.74ஆல் (நொடிக்குக் கிலோமீட்டராக மாற்றும் எண்) பெருக்கினால், குறுக்கு வேகம், அதாவது பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக உள்ள வேகம், நொடிக்குச் சுமார் 122 கி.மீ.

சறுக்கும் இடம் இதுதான். கிழக்கு–மேற்கு எண்ணைச் சாய்வுக்கோணத்தின் (வான நடுக்கோட்டிலிருந்து விண்மீன் விலகியிருக்கும் கோணம்) கொசைனால் பெருக்க வேண்டும் என்று பாடநூல் சொல்லும். சிம்பாட் தரும் எண் ஏற்கெனவே பெருக்கப்பட்டது. நீங்கள் மறுபடி பெருக்காதீர்கள். சுவாதிக்கு ஒன்றரை கி.மீ.தான் குறையும் என்பதால் பிழை கண்ணிலேயே படாது. சாய்வு 60 பாகையில் இருக்கும் விண்மீனுக்கோ அந்த எண் பாதியாகிவிடும்!

இதற்கெல்லாம் பைத்தான் நிரல்மொழியை நிறுவச் சொல்வார்கள். வேண்டாம், லிப்ரே ஆபிஸ் அட்டவணை போதும், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது என்று பார்க்க முடியும்.

மூன்றாம் படி, வேதியியல். சுவாதியின் இரும்பு அளவு சுமார் −0.5. இது மடக்கை அளவு. பத்தின் அடுக்காகப் போட்டால் 0.32, அதாவது சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இரும்போடு ஒப்பிட்டால் மக்னீசியம் சூரியனைப்போல் சுமார் இரு மடங்கு. மக்னீசியத்தைப் பெருவிண்மீன்களின் வெடிப்புகள் சீக்கிரமே தந்துவிடும். இரும்பின் பெரும்பகுதி தாமதமாக வரும். ஆகவே பால்வீதியின் இளமையில் பிறந்த விண்மீன் இது. வேகமும் அதையே சொல்கிறது: பால்வீதியைச் சுற்றுவதில் சூரியனைவிட நொடிக்கு 100 கி.மீ.க்கு மேல் பின்தங்குகிறது. பால்வீதியின் தடித்த வட்டில் (பழைய விண்மீன்கள் நிறைந்த தடிமனான அடுக்கு) இப்படிப் பின்தங்கும் விண்மீன்கள் உண்டு.

கார்பனை வைத்துப் பிறப்பை ஊகிக்காதீர்கள். ராட்சத விண்மீனாக ஊதும்போது உள்ளே வெந்த பொருள் மேலே கலக்கிறது. கார்பன் குறைந்து நைட்ரஜன் கூடுகிறது. கார்பன் 12, 13 விகிதம் சூரியனில் ஏறத்தாழ 90, சுவாதியில் 7 அளவுதான்.

பிற்சேர்க்கை: விண்மீன்களை அளக்கும் கையா விண்கலத்தின் பட்டியலில் சுவாதியைக் காணோமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அந்தக் கருவிக்கு அது அளவுமீறிய வெளிச்சம். மேலே உள்ள இடமாறும் சுய இயக்கமும் அதற்கு முந்தைய ஹிப்பார்கோஸ் விண்கலம் தந்தவை.

இன்னொருவர் ரோகிணிக்குக் கணக்கிட்டுக் குறுக்கு வேகம் 19தான் வருகிறதே என்றார். சரியான விடைதான். ஆனால் அதன் ஆர வேகம் +54. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் மொத்தம் 57 ஆகும்.