எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் போறீங்களா? கோர்ஸ் எடுக்கறப்ப இதுல எல்லாம் மாட்டிக்காதீங்க

கோயமுத்தூர், ஈரோடு பக்கத்து காலேஜ்ல இருந்து ஜெர்மனி, ஸ்வீடன்னு ஒரு செமஸ்டர் போற பசங்க விசா, டிக்கெட், குளுருக்கு ஜாக்கெட்னு எல்லாத்தையும் வாரக்கணக்குல விசாரிப்பாங்க, ஆனா என்ன கோர்ஸ் எடுக்கறதுங்கறத மட்டும் கடைசி நாள் ராத்திரி ஒக்காந்து டிக் பண்ணி அனுப்பிப்போடுவாங்க. வெனையே அங்கதானுங்க ஆரம்பிக்குது.

மொதல்ல கிரெடிட் கணக்கு. நம்மூர்ல வாரம் ஒரு மணி நேரம் தியரி கிளாஸ் இருந்தா ஒரு கிரெடிட். யூரோப்ல இருக்கற ஈசிடிஎஸ்ங்கற கிரெடிட் முறை அப்படி இல்லீங்க, கிளாஸ், அசைன்மென்ட், ரூம்ல ஒக்காந்து படிக்கறது, பரீட்சை எல்லாஞ்சேத்தி ஒரு கிரெடிட்டுக்கு 25ல இருந்து 30 மணி நேரம்னு வெச்சிருக்காங்க. அப்ப 6 கிரெடிட் கோர்ஸ் ஒன்னுக்கு கொறஞ்சது 150 மணி நேரம். வாரம் 4 மணி கிளாஸ், 14 வாரம்னு வெச்சாலும் 56 மணிதான் வருது, மீதி தொண்ணூத்திச்சொச்சம் மணி நேரம் நீங்களாத்தான் படிக்கோணும். அங்க முழு செமஸ்டருக்கே 30 கிரெடிட்தான், அதாவது இந்த மாதிரி அஞ்சு கோர்ஸ். இது தெரியாம டைம்டேபிள் காலியா கெடக்குதுன்னு ஏழு கோர்ஸ் போட்டுட்டு டிசம்பர்ல முழிக்கறவங்க இருக்காங்க. அதுலயும் ஜெர்மனியில பல கோர்ஸுக்கு மார்க் பூராவும் கடைசிப் பரீட்சைலதான், நம்மூர் மாதிரி இன்டர்னல் கை குடுக்காது. என்னக் கேட்டா, நம்ம காலேஜ் கேக்கற அளவுக்கு எடுத்துட்டு, ஏதாச்சும் போச்சுன்னா சமாளிக்க ஒன்னு சேத்தி எடுங்க, அதுக்கு மேல ஆசப்பட வேண்டாம்.

ஸ்வீடன் போறவங்களுக்கு இன்னொன்னு, அங்க பெரும்பாலும் செமஸ்டர ரெண்டாப் பிரிச்சு ஒவ்வொரு பாதிலயும் 7.5 கிரெடிட் கோர்ஸ் ரெண்டு ரெண்டா நடத்துவாங்க. புடிச்சது நாலும் ஒரே பாதில வந்துச்சுன்னா தீந்துது கத.

அடுத்தது காலண்டர், இதத்தான் யாருமே பாக்கறதில்ல. ஜெர்மன் யூனிவர்சிட்டில வின்டர் செமஸ்டர் அக்டோபர் 1ல இருந்து மார்ச் 31 வரைக்கும், கிளாஸ் அக்டோபர் நடுவுல ஆரம்பிச்சு பரீட்சை பிப்ரவரிக்குப் போயிரும். அதுக்குள்ள இங்க அடுத்த செமஸ்டர் தொடங்கி அட்டென்டன்ஸ் ஓடிட்டிருக்கும். சம்மர் செமஸ்டர் இன்னும் மோசம், ஏப்ரல்ல ஆரம்பிக்கறதால நம்ம செமஸ்டர் ரெண்டையும் கடிச்சிரும். ஹோக்‌ஷூலேன்னு சொல்ற காலேஜ்கள்ல பொதுவா ஒரு மாசம் முந்தியே, செப்டம்பர்லயும் மார்ச்லயும் தொடங்கிருவாங்க, நமக்கு அது கொஞ்சம் தோதாப் படும். ஏழாவது செமஸ்டர்னா பிளேஸ்மென்ட் வேற இருக்குது. ஆன்லைன் இன்டர்வியூ இங்க காலைல 10 மணின்னா, வின்டர்ல அங்க விடிகாலை 5.30.

அங்க படிக்கறத நம்ம காலேஜ் ஏத்துக்கும்னு போறதுக்கு முந்தி எழுதி வாங்கற லேர்னிங் அக்ரிமென்ட்ட வெறும் ஃபார்ம்னு நெனைக்காதீங்க. அங்க எடுக்கற கோர்ஸ் ஒரு டேபிள்ல, அதுக்கு ஈடா இங்க எந்த பேப்பர்ங்கறது இன்னொரு டேபிள்ல இருக்கும். எச்.ஓ.டி. "நீ போயிட்டு வா கண்ணு, வந்து பாத்துக்கலாம்"னு அன்பாத்தான் சொல்லுவாரு, ஆனா நீங்க திரும்பி வர்றப்ப அந்தச் சேர்ல அவரேதான் இருப்பாருன்னு என்ன நிச்சயம்? பேப்பருக்குப் பேப்பர் கையெழுத்து வாங்கிருங்க, சிலபஸ் பக்கத்தையும் டவுன்லோட் பண்ணி வெச்சுக்குங்க. அங்க போனதும் ஒரு கோர்ஸாவது மாறும், ரெண்டு கிளாஸ் ஒரே நேரத்துல வரும், இல்ல இந்த செமஸ்டர்ல அது நடக்காதும்பாங்க, இல்ல பாடமே ஜெர்மன்லயா இருக்கும். மாத்துன உடனே மெயில் போட்டு மறுபடி ஒப்புதல் வாங்கோணும், வாட்ஸப்ல வர்ற தம்ஸ்அப்ப நம்பி இருந்தரக்கூடாது.

கிளாஸுக்குப் போனாப் போதும் பரீட்சை எழுதிரலாம்னு இருக்கறதும் தப்புங்க. ஜெர்மனியில நெறைய எடத்துல பரீட்சைக்குத் தனியா ரிஜிஸ்டர் பண்ணோணும், அந்தத் தேதி போச்சுன்னா எழுத உடமாட்டாங்க. மறுபரீட்சை சில மாசம் கழிச்சு வரும், அப்ப நீங்க ஊர்ல இருப்பீங்க. ஊட்டுல தை நோம்பிக்கு வந்தே ஆகோணும்னு நச்சரிக்கறாங்கன்னு ஜனவரிக்கே ரிட்டன் டிக்கெட் போட்டறாதீங்க, பரீட்சைத் தேதி வந்தப்பறம் போட்டுக்கலாம்.