தென்னாப்பிரிக்க ஒயின் லேபிள்கள்: கதையைத் தவறவிடும் இடங்கள்

தென்னாப்பிரிக்க ஒயின் லேபிள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் வழுக்கும் இடம் விலங்குகள்தான். லேபிளில் ஒரு விலங்கைப் பார்த்ததும் ஆப்பிரிக்கா, காடு, சஃபாரி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த விலங்குகளில் பல, பண்ணை வாசலிலேயே வளர்ந்தவை.

பார்ல் ஊருக்குப் பக்கத்தில் ஃபேர்வியூ என்று ஒரு பண்ணை. அங்கே ஒயினோடு பாலாடைக்கட்டியும் செய்கிறார்கள். அதற்காக ஆடு வளர்க்கிறார்கள். ஆடுகள் ஏறி விளையாடுவதற்கென்றே சுற்றுப்படி வைத்துக் கட்டிய கோபுரம் ஒன்று 1981 முதல் அங்கே நிற்கிறது. பண்ணையின் உரிமையாளர் சார்ல்ஸ் பேக் தன் ஒயின் ஒன்றுக்கு 'கோட்ஸ் டு ரோம்' (ஆடுகள் திரிகின்றன) என்று பெயர் வைத்தார். பிரான்ஸின் புகழ்பெற்ற 'கோத் து ரோன்' ஒயின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு செய்த சிலேடை அது. பிரெஞ்சுத் தரப்பு ஆட்சேபித்தது. அவர் ஆடுகளையும் கூட்டிக்கொண்டு கேப் டவுனில் உள்ள பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தின் முன் போராட்டம் நடத்தினார். அந்த லேபிளில் இருக்கும் ஆட்டுக்குப் பின்னால் ஒரு பால் பண்ணை, ஒரு சொல் விளையாட்டு, ஒரு வணிகத் தகராறு என மூன்று கதைகள் உண்டு. 'அழகான விலங்குப் படம்' என்று எழுதினால் மூன்றும் போய்விடும்.

ஸ்டெல்லன்போஷ் பகுதியின் மல்டர்போஷ் பண்ணை வெளியிடும் 'ஃபெய்த்ஃபுல் ஹவுண்ட்' (விசுவாசமான நாய்) ஒயினும் இப்படித்தான். ஆட்கள் விட்டுப்போன பண்ணை வீட்டில், அவர்கள் திரும்பி வருவார்கள் என்று மூன்று ஆண்டு காவல் காத்த நாய் அது என்பது பண்ணையில் சொல்லப்படும் கதை.

விலங்குக்கு அடுத்தபடி பொருள்கள். கானோன்கோப் பண்ணையின் லேபிளில் ஒரு பீரங்கி இருக்கும். போர் வெற்றி, ராணுவப் பெருமை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது ஒரு சந்தை அறிவிப்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் கேப்பில், அதாவது இன்றைய கேப் டவுன் இருக்கும் இடத்தில், குடியேற்றம் அமைத்ததே, போகிற வருகிற கப்பல்களுக்கு நீரும் உணவும் கொடுக்கத்தான். டேபிள் விரிகுடாவில் கப்பல் நங்கூரமிட்டதும், உள்நாட்டு விவசாயிகளுக்குச் செய்தி சொல்லக் குன்றின் மேல் பீரங்கி வெடிப்பார்கள். சத்தம் கேட்டதும் காய்கறி, தானியம், ஒயினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அந்தக் குன்றின் பெயரே பண்ணைக்கும் வந்தது.

ஃபிரான்ஸ்ஹுக் பள்ளத்தாக்கின் பூக்கன்ஹவுட்ஸ்க்லூஃப் லேபிளில் ஏழு நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன. கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பண்ணையின் பெயரில் இருக்கும் பூக்கன்ஹவுட் மரம் 18ஆம் நூற்றாண்டு கேப் தச்சர்கள் நாற்காலி செய்யப் பயன்படுத்தியது. ஏழு என்பது இந்தக் காலத்தில் பண்ணையைத் தொடங்கிய ஏழு பங்குதாரர்கள். மரமும் மனிதர்களும் ஒரே படத்தில் வந்துவிட்டார்கள். சிக்கனமான, அருமையான வடிவமைப்பு என்று நான் நினைக்கிறேன்.

இப்போது வீடுகளுக்கு வருவோம். வெள்ளையடித்த சுவர், வைக்கோல் கூரை, நடுவில் வளைந்து எழும் முகப்பு: கேப் டச்சுப் பாணி வீடு எத்தனையோ லேபிள்களில் இருக்கிறது. அதை 'டச்சுப் பாரம்பரியம்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அடிமைகளை ஏற்றிய முதல் பெரிய கப்பல்கள் கேப்புக்கு வந்தது 1658இல். கேப் திராட்சையில் முதல் ஒயின் பிழியப்பட்டதாக, அந்தக் குடியேற்றத்தின் தலைவர் யான் வான் ரீபெய்க் தன் நாட்குறிப்பில் எழுதியது 1659 பிப்ரவரி 2ஆம் நாள். இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகள். அந்த வீடுகளின் சுவரிலும் தோட்டங்களின் வரிசையிலும் அடிமைகளின் உழைப்பு கலந்திருக்கிறது.

அவர்கள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் என்று பல இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டுபோனார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான் கேப்பையும் ஆண்டது. 1685இல் கான்ஸ்டான்ஷியா பண்ணையை நிறுவிய சைமன் வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டியும் இந்தியப் பெண்தான். அடிமை முறை 1834இல் சட்டப்படி ஒழிந்து, 1838இல்தான் அவர்கள் உண்மையில் விடுவிக்கப்பட்டார்கள். அதற்கு அப்புறமும் கூலியின் ஒரு பங்கை மலிவு ஒயினாகக் கொடுக்கும் வழக்கம் பண்ணைகளில் நீடித்தது. சட்டம் தடுத்த பிறகும் உடனே போகவில்லை. அதன் காயம் இன்றும் மேற்குக் கேப் மாகாணத் தொழிலாளர் குடும்பங்களில் இருக்கிறது. சால்ம்ஸ்-டெல்டா பண்ணை, அடிமைகளின், தொழிலாளர்களின் வரலாற்றைச் சொல்ல ஓர் அருங்காட்சியகமே அமைத்தது. லேபிளில் உள்ள வெள்ளை வீட்டைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு பத்தி ஒதுக்குவது நியாயம்.

கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் நடத்தும் ஒயின் நிறுவனங்களைப் பற்றிப் பேசும்போது வேறு மாதிரித் தவறு நடக்கிறது. 'ஆப்பிரிக்க வண்ணம், பழங்குடிக் கோலம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் தனித்தனிக் குடும்பக் கதை. குவாசுலு-நட்டாலில் பாட்டியிடம் வளர்ந்த என்ட்சிகி பியேலா, படிப்பு உதவித்தொகையில் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ஒயின் தயாரிப்பு படித்து, நாட்டின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளர் ஆனார். பிறகு சொந்தமாகத் தொடங்கிய நிறுவனத்துக்குப் பாட்டியின் பெயரையே வைத்தார்: அஸ்லினா. அதில் ஒரு ஒயினின் பெயர் 'உம்சசானே'. குடை போல் விரியும் வேல மரத்தின் பெயர். பாட்டியின் செல்லப் பெயரும் அதுதான். 'செவன் சிஸ்டர்ஸ்' நிறுவனத்தின் கதை பேட்டர்நோஸ்டர் என்ற மீனவ ஊரில் தொடங்குகிறது. தந்தைக்கு வேலை போனதும் வீடும் போய், பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். ஏழு சகோதரிகள் பெயரில் ஏழு ஒயின்கள் வந்தது அந்தப் பிரிவுக்குப் பதிலாகத்தான். இந்த இரண்டையும் ஒரே 'ஆப்பிரிக்க அழகியல்' என்ற மூட்டையில் கட்டினால் பாட்டியும் இல்லை, சகோதரிகளும் இல்லை.

ஆண்டுகளில் குழம்புவது ரொம்ப சாதாரணம். ஒரே பாட்டிலில் மூன்று ஆண்டுகள் இருக்கலாம். க்ரூட் கான்ஸ்டான்ஷியாவின் 1685 என்பது பண்ணை தொடங்கிய ஆண்டு. தனியாக வரும் அறுவடை ஆண்டுக்குச் சட்ட விதி உண்டு: குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டுத் திராட்சையாக இருக்க வேண்டும். மூன்றாவது, கொடி நட்ட ஆண்டு. 35 வயதும் அதற்கு மேலும் ஆன கொடிகளுக்கு, திராட்சைக் கொடி வல்லுநர் ரோசா க்ரூகர் முன்னின்று உருவாக்கிய 'ஓல்ட் வைன் ப்ராஜெக்ட்' 2018 முதல் ஒரு முத்திரை கொடுக்கிறது. அதில் நட்ட ஆண்டு அச்சாகியிருக்கும். 'இது 1685ஆம் ஆண்டு ஒயினா?' என்று கேட்கிறவர்களும் உண்டு, 1978 என்ற நடவு ஆண்டைப் பார்த்துவிட்டு நாற்பதாண்டுப் பழைய ஒயின் என்று நம்புகிறவர்களும் உண்டு.

தொடர்ச்சியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியன் கான்ஸ்டான்ஷியா இனிப்பு ஒயினைக் குடித்தது உண்மைதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் கொடிகளை அரித்த ஃபிலாக்ஸெரா பூச்சியும் கடனும் அந்தப் பழைய மரபை முறித்துவிட்டன. இன்று க்ளீன் கான்ஸ்டான்ஷியா பண்ணை விற்கும் 'வான் து கான்ஸ்டான்ஸ்', 1986 அறுவடையிலிருந்து புதிதாக உயிர்ப்பித்தது. ஊதிச் செய்த பழைய கண்ணாடிப் பாட்டிலின் சாயலில் குட்டையான பாட்டிலை வடிவமைத்ததால் அது இடைவிடாமல் வந்தது போலத் தெரிகிறது. உயிர்ப்பித்ததாகச் சொன்னால் கதை ஒன்றும் குறையாது, எனக்கென்னவோ கூடத்தான் செய்கிறது.

கடைசியாக, லேபிளில் இருக்கும் ஊரும் பண்ணையும்தான் திராட்சை விளைந்த இடம் என்று எடுத்துக்கொள்வது. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் ஆப்ரஹாம் பெரோல்ட் 1925இல் உருவாக்கிய கலப்புத் திராட்சை பினோட்டாஜ். அந்தப் பெயர் முதன்முதலில் ஒயின் லேபிளில் அச்சானது 1959 அறுவடைக்கு. விற்பனைக்கு வந்தது 1961இல். லேபிளில் இருந்த பண்ணைப் பெயர் லான்செராக். ஒயின் வந்ததோ பெல்வியூ என்ற வேறு பண்ணையிலிருந்து. 1959ஆம் ஆண்டு கேப் ஒயின் போட்டியில் வென்ற ஒயினை வாங்கிய நிறுவனம் தன் கையிலிருந்த பெயரில் அதைப் பாட்டிலில் அடைத்தது. அப்போது அது தப்பும் இல்லை. ஒயின் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதற்கான சட்டத் திட்டம் வந்ததே 1973இல்தான். இப்போது சான்றளிக்கப்பட்ட பாட்டிலில் ஒரு விளைநிலப் பகுதியின் பெயர் இருந்தால் திராட்சை முழுவதும், அதாவது 100 சதவீதமும், அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். 'எஸ்டேட் ஒயின்' என்று போட்டால் விளைந்ததும், ஒயின் ஆனதும், பாட்டிலில் அடைத்ததும் அதற்கெனப் பதிவான அதே நிலத்தில் நடந்திருக்க வேண்டும். முன்பக்கப் படத்தைப் பற்றி எழுதும் முன் பின்பக்க லேபிளில் இந்த இரண்டையும், கழுத்தில் ஒட்டிய சான்று முத்திரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரையில் ஓர் எண் இருக்கும். அதை வைத்து அந்த ஒயின் எந்த வழியாக வந்தது என்று தேடிப் பார்க்க முடியும்.